செட்டிநாட்டுப் பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு, மழைத்தண்ணீர், சோலார்: எங்கள் அனுபவம்

காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் வீடு என் வீட்டுக்காரரின் ஐயா காலத்தில் கட்டியது. நான்கு பங்கு. மற்ற பங்காளிகள் வெளியூரில் இருக்க, 2017 முதல் நாங்கள்தான் இங்கேயே தங்கிப் புழங்குகிறோம். வந்த நாளிலிருந்து சிறிது சிறிதாக வேலை நடக்கிறது. சூழலுக்குக் கேடில்லாமல் வீட்டைச் சீர்படுத்துவது பற்றி வருகிற யோசனைகளில் பாதிக்கு மேல் புது கான்கிரீட் வீட்டுக்கானவை. எங்களைப் போல முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாம் கட்டு என்று நீளும் வீட்டை வைத்திருப்பவர்களுக்கு எது உதவும் என்று எழுதலாம் எனத் தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வீட்டில் சோலார், புது ஃபேன் என்று வாங்கி மாட்டுவதற்கு முன்னால் சுவர், ஓடு, மழைத்தண்ணீர் போகும் வழி இந்த மூன்றையும் சரிபண்ணுங்கள். எங்களுக்குப் பெரிய பலன் அதில்தான் கிடைத்தது.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் கட்டின் தெற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு எப்போதும் ஈரம். பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கே உப்பு பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். எப்போதோ ஒரு பராமரிப்பில் அந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கத்தான் செய்யும். மேலே சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போய்விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று, வழி தேடி இன்னும் மேலே ஏறும். வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கச் சொன்னவர்கள் நிறைய பேர். அதுவும் இதே அடைப்பு வேலைதான்.

ஆத்தங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார், அறுபதைத் தாண்டியவர். சிமெண்டை முழுதாகக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய அந்தக் கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டார். இதற்கிடையே சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது கொதித்து மலர்ந்தபின் சலித்து ஊறவைத்தார். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊறிய தண்ணீரைத்தான் கலவைக்கு ஊற்றினார். நான் அவசரப்படுத்தியபோது, "ஆச்சி, சுண்ணாம்பு புளிக்கணும். பச்சையா பூசினா சுவரு முழுக்க வெடிப்பு விட்டுடும்" என்றார்.

கடைசிப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வெண்பூச்சு. அதைப் பட்டாலை என்கிற கூடத்தில் ஒரு சுவருக்கு மட்டும் செய்துகொண்டோம். மெல்லிசாக இழுத்துவிட்டு, வழவழப்பான சிறு கல்லை வைத்து மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். தேய்க்கத் தேய்க்கச் சுவரில் வியர்வை மாதிரி நீர் முத்துமுத்தாக வெளியே வரும். மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அடுத்த சில நாட்களும் அப்படித்தான். காய்ந்த பிறகு முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அன்றிலிருந்து அந்தச் சுவருக்குப் பெயிண்ட் செலவே இல்லை, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

செலவைச் சொல்ல வேண்டும். சிமெண்ட் பூச்சைவிட மூன்று மடங்குக்குக் குறையவில்லை, நாளும் அதிகம். ஆனால் தெற்குச் சுவரில் இதுவரை உப்பு திரும்ப வரவில்லை. சூழல் கணக்கிலும் சுண்ணாம்புக்குத்தான் நான் ஓட்டுப் போடுவேன். சிமெண்டுக்குச் சூளையில் 1,450 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரியை ஒட்டிய சூடு போதும். சுடும்போது வெளியேறிய கரியமில வாயுவில் ஒரு பகுதியைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டுதான் பூச்சு இறுகுகிறது.

கூரை ஓட்டு வேலை இவ்வளவு அழகாகச் சொல்ல முடியாதது. குரங்கும் மயிலும் ஏறி நாட்டு ஓட்டை நகர்த்திவிடும், ஒழுகும், கீழே தேக்கு விட்டம் உளுக்கும். ஓட்டை எடுத்துவிட்டு ஷீட் போடச் சொன்ன ஒப்பந்தக்காரர்கள் உண்டு. போடவே கூடாது என்பேன். அடுக்கடுக்காகப் போட்ட ஓட்டுக்கும் இடையில் நிற்கும் காற்றுக்கும்தான் சித்திரை வெயிலிலும் வளவில் பாய் விரித்துப் படுக்க முடிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்னால் ஆள் விட்டு ஓடு மாற்றுகிறோம். பின்கட்டில் இருக்கிற கான்கிரீட் தளத்துக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். மத்தியானம் அந்த அறையில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, ஆனால் மழைக்குப் பிறகு மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது.

மழைத்தண்ணீருக்கு வருவோம். 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரெல்லாம் குழாய் மாட்டினார்கள். செட்டிநாட்டு வீட்டில் அந்த அமைப்பு ஏற்கெனவே இருந்தது. நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் தகரக் காலில் (கால் என்றால் வாய்க்கால்) இறங்கி முற்றத்தின் மூலைகளில் விழும்; அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மீதி, தரைக்கடியில் இருக்கிற கல் காலில் ஓடித் தெருவுக்கும் ஊருணிக்கும் போகும். எங்கள் வீட்டில் அந்தக் கால் மண்ணடைத்துக் கிடந்தது. தூர் எடுத்ததும் வீட்டு ஈரத்தில் பாதி குறைந்தது என்றே நினைக்கிறேன்.

இப்போது முற்றத்துத் தண்ணீர் 10,000 லிட்டர் தரைத்தொட்டிக்குப் போகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிடுகிறோம், ஓட்டில் இருக்கும் எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு வருவது கூழாங்கல், மணல், அடுப்புக்கரி போட்ட வடிகட்டி வழியாக இறங்கும். தொட்டி நிறைந்தால் மீதி கிணற்றுக்கு. கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடிக் கூரைக்கு 50 மில்லிமீட்டர் பெய்தால் சேதாரம் போகவே 3,500 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஐப்பசியில் நான்கு நல்ல மழை போதும், தொட்டி நிறைந்துவிடும். சமையலுக்கும் குடிக்கவும் காய்ச்சி இதைத்தான் பயன்படுத்துகிறோம். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகமே வேறு. தொட்டியின் வாயிலும் குழாய் நுனியிலும் கொசுவலை அவசியம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

அப்புறம் சோலார். 2024 பிப்ரவரியில் பிரதமர் சூரிய வீடு திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மின் இணைப்பு ஐயா பெயரில் இருந்ததால், பங்காளிகள் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிப் பெயர் மாற்றவே மாதங்கள் ஓடின. கூட்டு வீடாக இருந்தால் முதலில் இதை முடியுங்கள். பேனலை ஓட்டுக் கூரையில் ஏற்றவே விடவில்லை, பின்கட்டுத் தளத்தில் வைத்தோம். நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் நன்றாகக் குறைகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எப்படியும் இலவசம் என்பதால், குறைவாகப் புழங்கும் வீட்டுக்குப் போட்ட பணம் திரும்ப நாளாகும். ஏசி இல்லாத வீட்டுக்கு அவசரமே இல்லை என்பது என் எண்ணம். எங்களுக்குப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் மாதங்களில்தான் பலன் தெரிகிறது. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால் தவிர இரவுக்கு உதவாது. விற்க வருகிறவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டாரில் குறைந்த கரண்டில் ஓடும் மின்விசிறி) வாங்கலாம். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் சுற்றுக்குள் முடிகிறது. உயரமான பட்டாலைக்கு நீளக் கம்பி கேட்டு வாங்குங்கள்.

தரை பெயர்ந்த இரண்டு அறைகளுக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பது, சூளையே கிடையாது. எங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆசிட் மட்டும் பக்கத்தில் வரக்கூடாது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் அவ்வப்போது துடைத்தால் நடக்க நடக்க மெருகேறும்.

ஜன்னல், கதவுக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். இடித்த வீடுகளின் தேக்கு நிலைகளும் கதவுகளும் அங்கே அடுக்கிக் கிடக்கும். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின, ஆனாலும் வீடுகள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தத் தெருவில் நிற்கும்போது எனக்கு வயிறு எரியும். இருந்தாலும் புது மரம் வெட்டுவதைவிட அதை வாங்கி வைப்பது மேல். ஓடும் அப்படித்தான்: உங்கள் ஊரில் ஒரு வீட்டை இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் நாளே போய் நாட்டு ஓட்டைக் கேட்டு வாங்கி அடுக்கி வையுங்கள். ஜேசிபி ஏறிவிட்டால் ஒன்றுகூட முழுதாகக் கிடைக்காது, பழைய அளவில் புது ஓடு கிடைப்பதும் கஷ்டம்.