புரொக்ஸ்மொக்ஸ் ஹோஸ்ட்டைப் புதிய டிரைவுக்கு மாற்ற: குளோனா, புது இன்ஸ்டோலா, மிரரா?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சிறு அலுவலகங்கள் பலவற்றில் புரொக்ஸ்மொக்ஸ் (ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) சேர்வர் என்றால் ஒரு பெட்டி, அதற்குள் ஒரேயொரு எஸ்எஸ்டி. அதன் தேய்மானம் 90 சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் யுனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதியது வாங்கும் பேச்சு எழும். டிரைவ் வாங்குவது சுலபம். பழையதில் இருக்கும் ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் கணினி) அமைப்பை எப்படிக் கொண்டுவருவது என்பதில்தான் சிக்கல். வழமையான பேக்கப் வேலை விஎம்களையும் கொண்டெய்னர்களையும் மட்டுமே எடுக்கும். ஹோஸ்ட்டின் நெட்வேர்க், ஸ்டோரேஜ், பயனர் விபரங்கள் அதில் வராது.

முடிவை முதலே சொல்லிவிடலாம். ரூட் டிஸ்க் (ஹோஸ்ட் நிறுவப்பட்ட டிஸ்க்) இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருந்தால் மிரர், அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு. எல்விஎம் (லினக்ஸில் டிஸ்க் இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் முறை) என்றால் புது இன்ஸ்டோல். குளோன் கடைசித் தெரிவு.

குளோன்

பார்க்க மிக எளிதாக இருப்பது இதுதான்: லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, 'டிடி' கட்டளையால் டிஸ்க்கை அப்படியே கொப்பி செய்வது. 1 டிபி டிஸ்க்கை நொடிக்கு 400 எம்பி வேகத்தில் எடுத்தால் ஏறக்குறைய 42 நிமிடம். அவ்வளவு நேரமும் எல்லா விஎம்மும் நின்றிருக்கும். நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை செய்தால் தப்பலாம் என்று நினைப்பவர்கள், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்ட 2025 பெப்ரவரி 9உம் ஞாயிற்றுக்கிழமைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வேறு பொறிகளும் உண்டு. புதிய டிரைவ் பெரியதென்றால் ஜிபிடி அட்டவணையின் (பார்ட்டிஷன்களின் பட்டியல்) பின்பிரதி டிஸ்க்கின் நடுவில் தங்கிவிடும். 'எஸ்ஜிடிஸ்க்' என்ற பார்ட்டிஷன் கருவியின் சிறிய 'ஈ' தெரிவால் அதைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். 1 டிபியிலிருந்து 960 ஜிபிக்கு இறங்குவதென்றால் 'டிடி'யை மறந்துவிடுங்கள். சில யுஎஸ்பி உறைகள் டிஸ்க்கை 4096 பைட் செக்டராகக் காட்டும். அதற்குள் வைத்துக் குளோன் செய்துவிட்டு சாட்டா போர்ட்டில் நேரடியாகப் பூட்டினால், பார்ட்டிஷன் எதுவுமே தெரியாது. குளோன்சில்லா என்ற குளோன் மென்பொருளுக்கு எல்விஎம் தின் பூலோடு (விஎம் டிஸ்க்குகளுக்குத் தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் பகுதி) ஒத்துப்போகாது; செக்டர் செக்டராக எடுக்கும் முறைக்கே போகவேண்டிவரும். கொப்பி முடிந்த பின் இரண்டு டிரைவையும் ஒன்றாகப் பூட்டிப் பூட் செய்யக்கூடாது: ஒரே யுயுஐடி (தனி அடையாள எண்) இரண்டு இடத்தில் இருப்பதைப் பார்த்து எல்விஎம் முறையிடும்.

பழைய டிரைவ் சாகும் நிலையில் இருந்து, பேக்கப்பும் இல்லையென்றால் மட்டும் இது சரி.

புது இன்ஸ்டோல்

ஹோஸ்ட்டின் உயிர் 'எட்சி பிவிஇ' கோப்பகத்தில் இருக்கிறது என்று பலரும் அதை மட்டும் கொப்பி செய்வார்கள். அது உண்மையில் கோப்பகம் அல்ல. 'வார், லிப், பிவிஇ-கிளஸ்டர்' என்ற பாதையில் உள்ள 'கொன்ஃபிக் டிபி' என்ற எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பின் நிழல். பழைய டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் பூட்டிப் பார்த்தால் 'எட்சி பிவிஇ' வெறுமையாகவே இருக்கும். ஆகவே அந்த டேட்டாபேஸ் கோப்பைத்தான் எடுக்கவேண்டும். எடுக்குமுன் 'பிவிஇ-கிளஸ்டர்' சேவையை நிறுத்தவேண்டும்.

அதோடு சேர்த்து நெட்வேர்க் இன்டர்ஃபேஸ் கோப்பு, ஹோஸ்ட்ஸ் கோப்பு, எஃப்ஸ்டாப், கிரொன் வேலைகள், ரூட்டின் கோப்பகம், கொண்டெய்னர்களுக்கு ஐடி மாற்றம் கொடுத்திருந்தால் சப்யுஐடி, சப்ஜிஐடி கோப்புகள், ஜிபியு பாஸ்த்ரூ (கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாக விஎம்முக்குக் கொடுப்பது) இருந்தால் மொட்புரோப் அமைப்பும் கெர்னல் கட்டளை வரியும். எல்லாம் சேர்ந்தாலும் ஒரு பென் டிரைவின் மூலைக்கு வராது.

பழைய டிரைவைக் கழற்றிவிட்டு, அதே பதிப்பை, அதே ஹோஸ்ட் பெயரில், அதே ஐபியில் நிறுவுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் விஎம்கள், இப்போது இல்லாத பழைய நோட்டின் (ஹோஸ்ட்டின்) பெயருக்குக் கீழ் சாம்பல் நிறத்தில் நிற்கும், ஏனெனில் அமைப்புக் கோப்புகள் நோட் பெயரின் கோப்பகத்துக்குள்தான் இருக்கின்றன. சேவையை நிறுத்தி, டேட்டாபேஸ் கோப்பை வைத்து, அனுமதியை 0600 ஆக்கி, ரீபூட். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயருக்கு நேரே சரியான ஐபி இல்லையென்றால் சேவை எழும்பாது. பிறகு விஎம்களை பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்யலாம்.

தனி சேர்வர் என்றால் முழு டேட்டாபேஸையும் கொண்டுவரத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. பேக்கப்பை ரீஸ்டோர் செய்தாலே விஎம்மின் அமைப்புக் கோப்பும் வந்துவிடும். ஸ்டோரேஜ், பயனர் கோப்புகளைப் பார்த்துக் கையால் எழுதினால் பழைய குப்பை கூடவே வராது.

பழைய டிரைவைப் பூட்டியபடி நிறுவினால் இரண்டு டிஸ்க்கிலும் உள்ள எல்விஎம் தொகுதிக் குழுவுக்கும் (வொலியூம் குரூப்) 'பிவிஇ' என்றே பெயர் வரும். பழையதின் பெயரை மாற்றவா என்று இன்ஸ்டோலர் கேட்கும். ஆம் என்றால் தரவு போகாது. ஆனால் நிறுவும் இலக்கு டிஸ்க்கைத் தவறாகத் தெரிந்தால் போய்விடும். கழற்றுவதே நிம்மதி.

மிரர்

இதில் விஎம்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கும். 'எஸ்ஜிடிஸ்க்'கால் பழைய பார்ட்டிஷன் அட்டவணையைப் புதியதில் பதிந்து, ஜியுஐடிகளைப் புதுப்பித்து, மூன்றாம் பார்ட்டிஷனை மட்டும் 'இசட்பூல் அட்டாச்' செய்யுங்கள். முழு டிஸ்க்கையும் கொடுத்தால் தரவு வரும், பூட் பகுதி வராது. 'அட்டாச்'சுக்குப் பதில் 'அட்' என்று அடித்தால் மிரருக்குப் பதில் ஸ்ட்ரைப் ஆகி, தரவு இரண்டு டிஸ்க்கிலும் பிரிந்து போய்விடும். ரிசில்வர் (தரவு புதிய டிஸ்க்குக்குக் கொப்பி ஆவது) முடிந்ததும் இரண்டாம் பார்ட்டிஷனில் புரொக்ஸ்மொக்ஸ் பூட் டூலின் 'ஃபோர்மட்', 'இனிட்' இரண்டையும் ஓட்டவேண்டும்.

எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியது

எம்.2 சொக்கெட்டில் புதிதாக ஒரு என்விஎம்இ ஏறினால் பிசிஐ எண்கள் நகரலாம். 'ஈஎன்பி3எஸ்0' என்றிருந்த நெட்வேர்க் கார்ட் 'ஈஎன்பி4எஸ்0' ஆகி, விஎம்களை நெட்வேர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜ் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். வெப் பக்கம் திறக்காது. மொனிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கட்டும். பாஸ்த்ரூ முகவரியும் இப்படியே நகர்ந்து, விஎம் தவறான கார்டைப் பிடுங்கக்கூடும். முதல் பூட்டுக்கு முன் அந்த விஎம்களின் தானியங்கித் தொடக்கத்தை நிறுத்திவிடுங்கள்.

மிரர் வழியில் பழைய டிஸ்க்கை உடனே 'டிட்டாச்' (மிரரிலிருந்து விடுவிப்பது) செய்யவேண்டாம். அதன் லேபிள் அழிந்து, திரும்பிப் போக வழியில்லாமல் போகும். மெஷினை நிறுத்தி, பழையதைக் கழற்றி, புதியதில் மட்டும் பூட் செய்து பாருங்கள். ஒரு பேக்கப் சுற்று ஒழுங்காக முடிந்த பிறகு, காணாமற்போன டிஸ்க்காகவே அதை 'டிட்டாச்' செய்து, பூட் டூலின் 'கிளீன்' கட்டளையையும் ஓட்டிவிடுங்கள். கழற்றியதை அழிக்காமல் அதே பெட்டியில் மறுபடி பூட்டவேண்டாம்; பழைய பூலின் லேபிள் அதில் அப்படியே இருக்கும்.