வால் தாழ்ந்த வண்டி: என் டபுள் கெப்பின் பின் ஸ்பிரிங்கோடு ஆறு வருடம்

2019 பெரும்போக அறுவடை நேரம், இரவு. மட்டக்களப்பு மண்முனைப் பாலத்தில் எதிரே வந்த லொறிக்காரர் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார். நானோ டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன். பாலம் கடந்து இறங்கிப் பார்த்த பிறகுதான் சங்கதி விளங்கியது. கொக்கட்டிச்சோலை வயலில் ஏற்றிய பன்னிரண்டு நெல் மூடை பின்னால் கிடக்க, வண்டியின் வால் தாழ்ந்து மூக்கு வானம் பார்த்து நின்றது. என் டிம் லைட் நேரே அவர் முகத்தில்தான் அடித்திருக்கிறது.

வண்டி 2010 டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, முன்னால் ஆட்களும் பின்தட்டில் சாமானும் ஏற்றும் டபுள் கெப், கைமாறி வந்தது. முன்பக்கம் சுருள் ஸ்பிரிங், பின்பக்கம் தகட்டு ஸ்பிரிங். தகட்டுக் கட்டில் மேலே இருக்கும் நீளத் தகடுகள் வெறும் வண்டியைத் தாங்கும். அடியில் தடித்து, வளைவே இல்லாமல் கிடக்கும் தகடு பாரம் ஏறினால்தான் வேலைக்கு வரும். என் வண்டியில் மேல்தகடுகளும் வளைவு செத்துப் படுத்துக் கிடந்தன. எனக்கு முந்திய சொந்தக்காரர் என்னத்தை ஏற்றினாரோ தெரியாது. மூடை ஒன்று 65 கிலோ என்றால் பன்னிரண்டு மூடை 780 கிலோ. அதோடு வண்டிக்குள் நாலு பேர். நானும் உத்தமன் இல்லை.

முதலில் செய்தது முட்டாள்வேலை. ‘ஹெவி டியூட்டி’ என்று எழுதியிருந்த சொக் அப்சோபர் நாலு வாங்கிப் பூட்டினேன். வால் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. ஏறாவூரில் ஒரு முஸ்லிம் அண்ணன் கராஜ் வைத்திருக்கிறார், காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் கொண்டுபோனபோது சிரித்தார். “தம்பி, சொக் பாரம் தூக்காது. ஸ்பிரிங் துள்ளுறத்த அடக்கிறதுக்குத்தான் அது. நீங்க கட்டில் முறிஞ்சதுக்கு மெத்தை மாத்தி இருக்கிறீங்க.”

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். புது வண்டி கனவிலும் இல்லை என்றான பிறகு இருப்பதைத் தேற்ற வேண்டியதாயிற்று. கல்முனையில் ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு கூட்டினேன். செலவு குறைவு, வாலும் இரண்டு அங்குலம் எழும்பியது. மூடை ஏற்றினால் வண்டி அலுங்காமல் போகும். வெறுமையாகப் போனால்தான் வேதனை. கிறவல் ரோட்டில் பின்பக்கம் கிடாய் மாதிரித் துள்ளும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, “மாட்டுவண்டில் இதுக்குப் பரவாயில்ல மகன்” என்றா. வண்டியின் ஓட்டத்தில் பாதி வெறும் ஓட்டம்தான் என்பதைத் தகடு கூட்டும்போது யோசிக்கவில்லை.

அதிலும் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. செங்கலடிக்குக் கிட்ட, மழைக்குள், ரோட்டின் குறுக்கே மாடு. பிரேக் அடித்தேன். முன்டயர் இரண்டும் இறுகி வழுக்கியது, பின்டயர் பிடித்த மாதிரியே இல்லை. மாடு தன்பாட்டில் போனது, எனக்குத்தான் கைகால் நடுங்கியது. காக்கா வண்டியைத் தூக்கி அடியில் காட்டினார். பின் பிரேக்குக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு, அதிலிருந்து அக்சலுக்கு, அதாவது பின்சில்லுகளைத் தாங்கும் அச்சுக்கு, ஒரு கம்பி. வால் தாழ்ந்தால் கம்பி அசைந்து ‘பாரம் இருக்கு’ என்று வால்வுக்குச் சொல்லும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். நான் தகடு போட்டு வாலைத் தூக்கி வைத்ததால், மூடை ஏற்றியிருந்தும் வால்வு வண்டியை வெறுமை என்றே நினைத்திருக்கிறது. கம்பியை ஒள்ளுப்பம் மாற்றிப் பூட்டினார், சரி வந்தது. எல்லா வண்டியிலும் இந்த வால்வு இருக்காது. இருக்கிற வண்டியில் ஸ்பிரிங்கில் கை வைத்தால் இதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குத் தகடு போட்டவர் இதைப்பற்றி வாயே திறக்கவில்லை.

மறுகா வந்தது வள்ளம். பதினெட்டு அடி ஃபைபர் வள்ளமும் எஞ்சினும் ஏற்ற ஒரு ட்ரெய்லர் அடித்தோம். கல்லடியில் இருந்து வாழைச்சேனைக்கு இழுக்கும்போது ஸ்டீயரிங் லேசாகி மிதக்கும். வண்டியின் பின்கொக்கியில் மாட்டும் ட்ரெய்லர் கழுத்தை அரிசி ஆலைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 90 கிலோ. இது என்ன பாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கொக்கி இருப்பது பின் அக்சலுக்கும் ஒன்றேகால் மீற்றர் பின்னால். இரண்டு அக்சலுக்கும் இடைத்தூரம் 3,085 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் பின் அக்சலில் 126 கிலோ ஏறுகிறது, முன் டயரில் இருந்து 36 கிலோ கழன்றுபோகிறது. ஏறுபலகை ஆட்டம்தான்.

இதற்காக ஏர்பேக் போட்டேன், கூட்டிய தகட்டையும் கழற்றினேன். அக்சலுக்கும் செசி என்கிற அடிச்சட்டத்துக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றாக ரப்பர் பை. வெறும் வண்டிக்கு 10 பி.எஸ்.ஐ., ட்ரெய்லருக்கு 35. முதலில் இரண்டு பைக்கும் ஒரே குழாயில் காற்று விட்டிருந்தார்கள். வளைவில் திரும்பினால் அமுங்குகிற பையின் காற்று மற்றப் பைக்கு ஓடி வண்டி இன்னும் சரியும். குழாயைத் தனித்தனியாக்கிய பிறகு நன்றாக இருந்தது. வெறுமையில் மெத்தை, பாரத்தில் மட்டம். இனி இதுதான் என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

2022இல் டீசல் வரிசை வந்தது, பிறகு வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் கியூஆர் கோட்டா. கிடைக்கிற டீசலில் இரண்டு நடைக்குப் பதில் ஒரே நடை என்று பதினெட்டு மூடை ஏற்றினேன். 1,170 கிலோ. காற்றைக் கூட்டினால் வால் எழும்பி வண்டி அழகாக மட்டத்தில் நிற்கும், பார்க்கிற எவருக்கும் கூடின பாரம் என்று தெரியாது. எனக்கே தெரியவில்லை என்பதுதான் பகிடி. சில மாதம் கழித்து வேறு வேலைக்குப் போன இடத்தில் காக்கா டோர்ச் அடித்து, “தம்பி, இஞ்ச வாங்க” என்றார். பையின் மேல்தட்டு செசியில் பிடிக்கும் இடத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்து, உள்ளே துரு.

தகட்டு ஸ்பிரிங் பாரத்தைத் தன் இரண்டு முனைகளாலும் செசிக்குப் பிரித்துக் கொடுக்கும். பை அதில் ஒரு பங்கை நடுவில் ஒரே இடத்தில் குத்தும். பின்னால் கொக்கி கீழே இழுக்க, நடுவில் பை மேலே தள்ள, செசி வளையப் பார்க்கும். ஸ்பிரிங்கை எவ்வளவு பலப்படுத்தினாலும் பிரேக், அக்சல், வீல் பெயாரிங், டயர் எல்லாம் பழைய அளவுக்குச் செய்தவைதானே. ஏர்பேக் கெட்ட சாமான் என்று சொல்லமாட்டேன். அளவான பாரத்தில் தாழ்ந்த வாலை மட்டமாக்க அது நல்லது. நான் அதைக் கூடுதல் பாரத்துக்கு அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வெடிப்பை அடைத்து, பைகளைக் கழற்றி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் முழுத் தகட்டுக் கட்டு ஒன்று வாங்கினேன். நடுத்தரப் பாரத்துக்கானது. கூடவே பக்கத்துக்கு ஒரு ரப்பர் தாங்கி. வெறும் வண்டியில் அதற்கும் அக்சலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கும், பாரம் ஏறினால் மட்டும் தொடும். தகட்டுக் கட்டை அக்சலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டைப் பழையதைப் போடவிடாமல் புதிது வாங்கி, 500 கிலோமீற்றரில் மறுபடி இறுக்கினேன். அவை இளகினால் தகடுகளை ஊடுருவிப் பிடிக்கும் நடு போல்ட் அறுந்து அக்சலே இடம் பெயரும். மூன்று வருடமாகிறது, இதற்குப் பிறகு எதையும் மாற்றவில்லை. மூடை பன்னிரண்டைத் தாண்டுவதில்லை. கனமானதைக் கேபினோடு ஒட்டி அடுக்குகிறேன்.

மச்சானின் டபுள் கெப், நிசான் நவாரா என்பி300இல் பின்னாலும் சுருள் ஸ்பிரிங்தான். குடும்பத்தோடு பதுளை வீதியால் மலைக்கு ஏற என் வண்டியை விட அது சுகம், ஒத்துக்கொள்கிறேன். நெல் அறுவடைக்கு மட்டும் அவனே என் வண்டியைக் கேட்டு வருவான்.

வள்ளம் இறக்கும் நாட்களில் பின்சில்லு வாவித் தண்ணீரில் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் தகடுகளுக்கிடையே அடித்துக் கழுவுவேன். போன மாதம் இரண்டு தடவை களைப்பில் விட்டுவிட்டேன். இப்போது இடதுபக்கத் தகட்டின் முனையைத் தொங்கப் பிடிக்கும் செக்கிள் புஷ் கிறீச்சிடுகிறது. அடுத்த ஞாயிறு காக்காவிடம் போகவேண்டும்.