ஸ்விஃப்ட்டும் மூன்று செட் டயரும்: 93,000 கிலோமீட்டர் அனுபவம்

2018 மார்ச்சில் எடுத்த ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. டயர் அளவு 165/80 ஆர்14. கோவையில் இருக்கிறேன், வருடத்துக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர் ஓட்டம். மனைவியின் ஊர் வால்பாறை என்பதால் மழையோ வெயிலோ மலை ஏறி இறங்கியாக வேண்டும்.

வண்டியோடு வந்த டயர் 41,000 ஓடியது. 2021இல் மாற்றும்போது கடைக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, எது ரொம்ப நாள் உழைக்கும்?" ரப்பர் கெட்டியான, ஆயுள் அதிகமான ரகத்தைக் காட்டினார். ஒன்று 4,100 ரூபாய், நான்குக்கு 16,400. அவர்மேல் தப்பில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார்.

சொன்னபடியே உழைத்தது. 28,000 ஓடியும் பட்டன், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளின் உயரம், பாதிக்குக் குறையவில்லை. காய்ந்த ரோட்டில் ஒரு குறையும் தெரியாது.

2023 ஜூலையில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 40 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. விடாத சாரல், வேகம் முப்பதுக்குள்தான். ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு பஸ் நிற்கிறது. பிரேக்கை மிதித்தேன். ஏபிஎஸ் காலடியில் கடகடவென்று அடிக்கிறது, வண்டியோ நிற்காமல் நழுவிக்கொண்டே போகிறது. பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்சீட்டில் மகள் தூக்கம்கூடக் கலையவில்லை. எனக்குக் கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். கெட்டி ரப்பர் மெதுவாகத் தேயும். அதே கெட்டித்தனம்தான் ஈரத் தாரின் சொரசொரப்பில் அது பதிய விடாமல் செய்கிறது. சிலிக்கா கலந்த மிருதுவான கலவை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை, டயரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

அடுத்த வாரமே நான்கையும் கழற்றினேன். மிருதுவான ரகத்தில் புதியது ஒன்று 6,000, மொத்தம் 24,000. பழையது 55,000 வரை ஓடியிருக்கும், கிலோமீட்டருக்கு 30 பைசா. இது இதுவரை 24,000 ஓடி 4.3 மில்லிமீட்டர் பட்டன் மிச்சம் இருக்கிறது. தேய்மான அடையாளம் 1.6 மில்லிமீட்டரில் வந்துவிடும் என்பதால் 45,000 வரை கணக்கு வைத்திருக்கிறேன், கிலோமீட்டருக்கு 53 பைசா. என் ஓட்டத்துக்கு வருடம் 3,000 ரூபாய் சொச்சம் கூடுதல். அந்த ஒரு முழத்தை நினைத்தால் இதை நான் செலவாகவே பார்க்கவில்லை.

மழையில் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. சத்தமும் குறைவு. ஆனால் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர், சன்னம். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஒரு டயர் பக்கவாட்டில் புடைத்துவிட்டது, மாற்ற 6,000 போனது. குண்டும் குழியுமான ரோட்டிலேயே தினம் ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எந்தக் கம்பெனி என்பதைவிட எந்த ரகம் என்று பாருங்கள். ஒரே கம்பெனியிலேயே உழைப்புக்கு ஒன்று, பிடிப்புக்கு ஒன்று என இரண்டும் கிடைக்கும். சில டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று ஓர் எண்ணும், ட்ராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி தரமும் அச்சிட்டிருப்பார்கள். எண் கூடினால் ஆயுள் கூடும், எழுத்துதான் ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தரம். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து, எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 2223 என்றால் 2023ஆம் வருடத்தின் 22ஆவது வாரத்தில் தயாரானது.

குறைவாக ஓட்டுபவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்பாவின் கார் வருடத்துக்கு 4,000 தாண்டாது. அவரும் "நல்லா உழைக்கணும்" என்று கெட்டி ரகமே போட்டிருந்தார். ஏழு வருடத்தில் 28,000தான் ஓட்டம், பட்டன் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. ஆனால் சைடுவால் முழுக்க, வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடிப்பு. ரப்பர் நகம் பதியாத அளவுக்கு இறுகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய ஆயுளில் பாதியை அவர் ஓட்டவே இல்லை. இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு மிருதுவான டயர்கூடத் தேய்ந்து தீராது, வயதாகித்தான் தீரும். போன மாதம் அவர் காருக்கும் என் காரில் உள்ள ரகத்தையே போட்டுவிட்டோம்.