பங்குனித் திருவிழாவுக்கு வந்த கரகாட்ட செட்: ஆட்டம் எப்படி, ஊர் எப்படி

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மன் கோயில் மண்டகப்படிக்குக் கரகாட்ட செட், அதாவது ஆட்டமும் மேளமும் சேர்ந்த குழு, பிடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தப் பங்குனியில் ஒரு கிராமத்துப் பொட்டலில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடித்த ஒரு செட்டைப் பற்றிய மதிப்பீடு இது. இரண்டு பெண் கலைஞர்கள், ஓர் ஆண் கரகம், ஒரு கோமாளி, ஏழு பேர் நையாண்டி மேளம். மேளம் முதல் தரம். கரகம் அதற்கும் மேல். நடுவில் ஒரு அரைமணி நேரம் பாழாய்ப் போனது. அதற்குப் பொறுப்பு செட் அல்ல, செட்டைப் பிடித்தவர்கள்.

மேளத்தில் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு, தாளம். ஆளைக் குறைத்துக்கொண்டு கீபோர்டை வைத்து ஒப்பேற்றும் செட்டுகள் பெருகிவிட்ட காலத்தில் முழு மேளம் கொண்டுவந்ததே பெரிய விஷயம். பிள்ளையார் பாட்டு முடிந்து ஆட்டத்துக்கு வந்ததும் தவில்காரர் கலைஞரின் காலைப் பார்த்தே வாசித்தார். வேகத்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆடுகிறவர் கண்ணசைவில் நடந்தது. ஒலிபெருக்கிதான் கெடுத்தது. தெருமுனை வரைக்கும் குழாய் கட்டி, தவிலுக்கும் மைக் வைத்துவிட்டார்கள். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் ஓசை ஆடும் இடத்துக்குத் திரும்பி வர கால் நொடிக்கு மேல் ஆகும். வேகக் காலத்தில் அந்தப் பிந்திய அடி காதில் விழுந்தால் பாதம் தடுமாறும். திறந்த பொட்டலில் தவிலுக்கு மைக்கே வேண்டாம். நாகசுரத்துக்கும் கோமாளிக்கும் இருந்தால் போதும்.

இனி கரகம். மூத்த கலைஞர் வைத்திருந்தது அசல் பித்தளைச் செம்பு. இப்படிப்பட்ட செம்பு சுமார் மூன்று கிலோ இருக்கும். உள்ளே அரிசியோ மண்ணோ மூன்று, நான்கு கிலோ போடுவார்கள். மேலே பூச்சுற்றிய கூடு, உச்சியில் கிளி. எடை கூடினால் ஆடுவது கடினம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நிற்பதற்கு எடைதான் துணை: பாரம் அடியில் தங்குவதால் செம்பு எளிதில் சாயாது, கனமான பொருள் சட்டென்று திரும்பாது என்பதால் தலை சிறிது அசைந்தாலும் செம்பு தன் இடத்திலேயே இருக்கும். உள்ளே போட்டது தளர்வாக இருந்தால் ஆபத்து. குனியும்போது அரிசி ஒரு பக்கம் சரிந்து செம்பை இழுத்துவிடும். அதனால் கழுத்து வரை திணித்து, வாயை அசையாமல் அடைக்க வேண்டும். செம்பின் அடியை உள்வாங்கத் தட்டி லேசான குழியாக்கியிருப்பார்கள். உச்சந்தலை அதில் பொருந்தும். கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போடுவதும் உச்சியைச் சமமாக வைக்கத்தான். இளைய கலைஞரிடம் இருந்தது எடை குறைந்த செம்பு. சுழற்சியில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் காற்று வீசியபோதெல்லாம் கூடு ஆடியது. அவருக்கும் பித்தளைச் செம்பு வாங்கிக் கொடுப்பது செட்டுக்கு நல்லது.

மூத்தவர் தாம்பாளத்தின் விளிம்பில் ஏறி நின்று, தட்டையும் காலோடு நகர்த்திக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தார். எடை முழுதும் பாதத்தின் நடுவளைவில். தாடை ஒரு விரல் அளவு உள்ளே இழுத்திருக்கிறது. பார்வை எதிரே ஒரே புள்ளியில். இடுப்பு இடமும் வலமும் போகிறது, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. பிறகு தட்டிலிருந்து இறங்கி, குதிகால் தூக்கியபடியே குந்தி, தரையில் கிடந்த ரூபாய் நோட்டை எடுத்தார். அப்போது தொடை நடுங்கியது, கழுத்து அசையவில்லை. ஏழு கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் மடிப்பில் நின்று நிமிர்வது எத்தனை ஆண்டுப் பயிற்சி என்று தொடையைப் பார்த்தால் தெரியும். அந்த நேரத்தில் முன்வரிசையில் இருந்த செல்போன்கள் படம் பிடித்துக்கொண்டிருந்ததும் தொடையைத்தான், வேறு காரணத்துக்காக.

உடையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோயிலுக்கு எடுக்கும் சக்திக் கரகம் வேறு. அது பக்தி, மஞ்சள் சேலை, வீதியுலா. இது ஆட்டக் கரகம். ஏணி ஏற வேண்டும், குந்த வேண்டும், தட்டு விளிம்பைக் கால்விரல் தேட வேண்டும். கணுக்கால் வரை துணி தொங்கினால் சலங்கையில் மாட்டும், ஏணிப் படியில் மிதிபடும். முழங்காலுக்கு மேல் நிற்கும் ஜிகினாப் பாவாடையும், உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டையும் அந்த வேலைக்குப் பொருத்தமான உடுப்பு. அதே பொட்டலில் ஆண் கரகக்காரர் அதே ஜிகினாவில், முழங்கால் தெரிய ஆடினார். அவருடைய உடுப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்கள் ஆடும்போது, “குடும்பத்துப் பொம்பளை இப்படி ஆடுவாளா” என்ற பேச்சு நாற்காலி வரிசையிலிருந்தே கேட்டது. பேசியவர்கள் கடைசிவரை எழுந்து போகவில்லை.

இந்தப் பார்வை கரகத்தோடு பிறந்ததல்ல. பரதநாட்டியத்தின் பழைய வடிவமான சதிரை ஆடிய பெண்களையும் இப்படித்தான் பேசினார்கள். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டி விடுவதைச் சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் தடை செய்தது. பல பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் சபாவுக்கும் பள்ளிக்கும் வேறு குடும்பத்துப் பெண்களோடு போய்ச் சேர்ந்தபோது, மரியாதையும் அங்கேயே தங்கிவிட்டது. இடுப்பும் தோளும் கண்ணும் அங்கே செய்தால் அடவு, அபிநயம். பொட்டலில் செய்தால் ஆபாசம். தமிழிசைச் சங்கம் 1943-இல் உருவாகக் காரணமாயிருந்த அண்ணாமலைச் செட்டியார் இந்த மண்ணுக்காரர். வீணைக்குப் பேர்போன சகோதரர்கள் காரைக்குடியின் பெயரையே தாங்கினார்கள். கலைஞரைப் போற்றத் தெரியாத வட்டாரம் இல்லை இது. உடம்பால் ஆடிப் பிழைக்கும் கலைஞர் பெண்ணாக இருந்தால் மட்டும் அளவுகோல் மாறிவிடுகிறது.

பாழான அரைமணி நேரத்துக்கு வருவோம். எட்டரைக்கு மேல் கமிட்டி ஆட்கள் சிலர் குறவன் குறத்தி ஆட்டம் போடச் சொன்னார்கள். ஒரு சமூகத்தையே இழிவாகக் காட்டுகிறது என்று அந்த ஆட்டத்துக்கு 2023-இல் தமிழக அரசு தடை போட்டுவிட்டது. “அதுக்குத் தடை இருக்கு தம்பி, கரகம் கேளுங்க” என்று மூத்தவர் தன்மையாகச் சொன்னார். விடவில்லை. கடைசியில் சினிமாப் பாட்டுக்கு ஆடச் சொல்லி, கோமாளியை இரட்டை அர்த்தம் பேசவும் வைத்தார்கள். நடுவில் ஒருவர் இளைய கலைஞரின் சட்டையில் ரூபாயைக் குத்துவேன் என்று ஆடும் இடத்துக்குள் நுழைந்தார். இளையவர் இரண்டடி பின்வாங்கித் தாம்பாளத்தை நீட்டினார். அந்தச் சமயோசிதத்துக்குத் தனிப் பாராட்டு. ஆனால் ஒரு கலைஞர் தன் உடம்பைக் காக்கத் தானே வழி கண்டுபிடிக்க வேண்டிய நிலைக்கு விடுவது பிடித்தவர்களின் தவறு. அன்பளிப்பு கொடுக்க ஆசைப்படுகிறவர் தட்டில் போடட்டும், பேரை மைக்கில் சொல்லிவிடலாம். மறுநாள் ஊரில், “கரகாட்டக்காரி அசிங்கமா ஆடிட்டா” என்றுதான் பேச்சு. கேட்டு வாங்கியவர்களின் பேர் அதில் இல்லை.

ஏற்பாடுகளில் எளிதில் சரிசெய்யக்கூடியவை பல. தரையைத் தண்ணீர் தெளித்து அடக்கியிருந்தார்கள், நல்லதுதான். ஆனால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே தெளித்துக் காயவிட்டிருக்க வேண்டும். ஈரத்தில் தாம்பாளம் வழுக்கும். வழவழப்பான பட்டியக்கல் தளமும் ஆகாது. இறுகிய மண் தரையே நல்லது. போகஸ் லைட்டை நேர் எதிரே வைத்ததால் ஏணி ஏறும்போது பார்வைப் புள்ளி தொலைந்து, மூத்தவர் ஒரு படி திரும்ப இறங்கி மறுபடி ஏறினார். விளக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே, சாய்வாக இருக்க வேண்டும். உடை மாற்ற டெம்போவுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குப் பத்து இருக்கும் வட்டாரத்தில் ஒரு வளவின், அதாவது பெரிய செட்டிநாட்டு வீட்டின், முகப்பறையையும் கழிப்பறையையும் மூன்று மணி நேரம் திறந்துவிட முடியாதா?

இதே செட்டை மறுபடி அழைக்கலாமா? தாராளமாக. அழைக்கும்போது சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டியவை சில. எத்தனை பேர், என்ன மேளம், எத்தனை மணி நேரம், வண்டி வாடகையும் சாப்பாடும் யாருடையது. என்னென்ன ஆட்டம் என்பதையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்; எழுதாததைக் கேட்கக் கூடாது. ஆடும் இடத்துக்குள் நுழையவும் கலைஞரைத் தொடவும் யாருக்கும் அனுமதி இல்லை என்று ஒரு வரி. அதைப் பார்த்துக்கொள்ளக் கமிட்டியில் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். காவல்துறை அனுமதியைச் செட்டின் தலையில் கட்டாமல் கமிட்டியே வாங்க வேண்டும். ஒலிபெருக்கி இரவு பத்தோடு நிற்க வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு மேளம் தொடங்கியாக வேண்டும். மீதிப் பணத்தைக் கரகம் இறக்கிய அரைமணிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த ஊரில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். இல்லாதவர்களுக்குப் பதிவுக்கு வழி சொல்லிக் கொடுத்தால் கலைஞருக்கு உதவியாக இருக்கும்.

பங்குனி, சித்திரை முழுக்க நல்ல செட்டுகளுக்கு நாள் நிறைந்துவிடும். தை பிறந்ததும் முன்பணம் கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூத்த கலைஞர் வருவார் என்பதை உறுதி செய்துகொண்டு, ஏணியும் தாம்பாளமும் கட்டாயம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.