சர்வீஸ் ஸ்டார்ட் ஆகல, பெர்மிஷன் டினைடு: 777-ஆ, சிஎச்ஓனா, ஏசிஎல்லா, யூனிட் ஃபைலா?

மதுரை கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக்கடைக்கு பில்லிங் சர்வர் நான்தான் பாத்துக்கறேன். சர்வர்னா பெருசா ஒண்ணுமில்ல, கல்லாவுக்குப் பின்னாடி மிளகா வத்தல் நெடியில உக்காந்துருக்குற ஒரு பழைய டெஸ்க்டாப்பு, உபுண்டு 22.04, அதுல பைத்தான்ல எழுதுன ஒரு ப்ரோகிராம் சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ எல்லாம் ஸ்டார்ட் பண்ணி பாத்துக்கறது) சர்வீஸா ஓடுது. போன தீபாவளிக்கு முந்துன வாரம் நல்ல மழை, கரண்ட் போயிருச்சு, யூபிஎஸ் பேட்டரி செத்துக் கெடந்துச்சு (மாத்துங்கன்னு நாலு மாசமா சொல்லிட்டு இருந்தேன், அது தனிக்கதை). கரண்ட் வந்துச்சு, மெஷின் எந்திரிச்சுச்சு, பில்லு மட்டும் வரல. கடைக்காரர் அண்ணாச்சி, திருச்செந்தூர் பக்கத்துக்காரர், போன்ல கத்தக்கூட இல்ல, மெதுவாத்தான் சொன்னாரு: "தம்பி, வாசல்ல மூணு லோடு ஆட்டோ நிக்கி. பில்லு வரமாட்டேங்கு. கையால எழுதவா?"

வெளிய இருந்து நுழைய வழி வைக்காத மெஷின், அதனால ஆனையூர்ல இருந்து நனைஞ்சுக்கிட்டே பைக்ல போயி லாக்க தொறந்தா பெர்மிஷன் டினைடு. மொத நாள் வரைக்கும் ஓடுன சர்வீஸ், யாரும் எதையும் தொடல. தொட்டது நான்தான், ஆறு மாசம் முன்னாடி. ப்ரோகிராமோட சாக்கெட் ஃபைலுக்கு (மத்த ப்ரோகிராம் இதோட பேசற வழி) /ரன்/பில்லிங்னு ஒரு ஃபோல்டர கையால உருவாக்கி, கையால சிஎச்ஓன் (ஓனர மாத்துற கமாண்டு) அடிச்சு, ஓடுதுன்னு பாத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். /ரன் அப்படிங்கறது ரேம்ல இருக்குற இடம், ரீபூட் ஆனா தொடச்சு விட்ட மாதிரி ஆயிரும். ஆறு மாசமா ரீபூட்டே ஆகாததுனால என் வண்டவாளம் வெளிய வரல.

இந்த மாதிரி பெர்மிஷன் பிரச்சனைக்கு நான் பாத்த வரைக்கும் எல்லாரும் நாலு வழியில ஒண்ணுக்குத்தான் போறாங்க, 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்), சிஎச்ஓன், ஏசிஎல் (குறிப்பிட்ட ஆளுக்கு தனி அனுமதி), இல்லன்னா யூனிட் ஃபைல்லயே (சர்வீஸ எப்படி ஓட்டணும்னு சிஸ்டம்டிக்குச் சொல்ற ஃபைல்) எழுதி வைக்கிறது. நாலையும் நான் வேற வேற வருஷத்துல வேற வேற கடைகள்ல பண்ணிருக்கேன். இப்ப நான் யூனிட் ஃபைல் கட்சி, அத மொதல்லயே சொல்லிர்றேன், அதனால அதுக்கு இடம் ஜாஸ்தி போகும்.

வழிய தேர்ந்தெடுக்க முன்னாடி எது தடுக்குதுன்னு பாருங்க. ஜர்னல்சிடிஎல்ல (சிஸ்டம்டியோட லாக காட்டுற கமாண்டு) கடைசி நாலு வரி போதும். ஸ்டேட்டஸ் 203 எக்ஸெக்னு வந்தா ப்ரோகிராம் ஃபைலையே ஓட்ட முடியல, பாதை தப்பா இருக்கும் இல்ல எக்ஸிக்யூட் பிட் (ஓட்டுற அனுமதி) இருக்காது. 200 சிஎச்டிர்னா வொர்க்கிங் டைரக்டரிக்குள்ள நுழைய முடியல. 217 யூசர்னா நீங்க எழுதிருக்குற யூசரே மெஷின்ல கெடையாது, இதுக்குப் போயி பெர்மிஷன மாத்திட்டு இருந்தா விடிஞ்சிரும். இது எதுவும் இல்லாம சர்வீஸ் எந்திரிச்சு அதுவா பெர்மிஷன் டினைடுன்னு கத்திட்டு விழுந்தா, அது தேடுற ஃபைலோட முழுப்பாதைய நேம்ஐ கமாண்டுக்கு மைனஸ் எல் போட்டு குடுங்க, மேல இருந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு ஃபோல்டரும் யாருது, யாரு நுழையலாம்னு வரிசையா காட்டும். பத்துல அஞ்சு தடவ தப்பு ஃபைல்ல இருக்காது, நடுவுல ஏதாவது ஒரு ஃபோல்டர்ல இருக்கும். உபுண்டு 21.04-ல இருந்து புதுசா போடற யூசரோட ஹோம் ஃபோல்டர் 750, வெளியாளு நுழையவே முடியாது. ப்ரோகிராம ஹோமுக்குள்ள வச்சுட்டு சர்வீஸ வேற யூசர்ல ஓட்டுனா ஃபைலுக்கு நீங்க என்ன பெர்மிஷன் குடுத்தாலும் பிரயோஜனமில்ல, தெருக்கதவு பூட்டிருக்கு, உள்ள பீரோவ தொறந்து வச்சு என்ன.

777 பத்தி ரொம்ப பேசல, தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் ராத்திரி பதினோரு மணிக்கு எல்லாரும் அடிப்போம், நானும் அடிச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். எல்லாத்தையும் தொறந்து விட்டா எப்படியும் ஓடிரும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பொய். மைஎஸ்க்யூஎல் அதோட கான்ஃபிக் ஃபைல யாரு வேணா எழுதலாம்னு இருந்தா அந்த ஃபைல படிக்காமலே போயிரும். போஸ்ட்கிரெஸ் டேட்டா ஃபோல்டர் 700-ஓ 750-ஓ இல்லாட்டி ஸ்டார்ட்டே ஆகாது. எஸ்எஸ்எச் கீ ஃபைல தொறந்து போட்டா அந்த கீயவே தொடாது. லாக்ரொட்டேட்டும் ஃபோல்டர் தொறந்து கெடந்தா முறைச்சுக்கிட்டு நிக்கும். அப்பறம் ரூட்டாவே (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) ஓட்டிர்றது, அதுவும் 777-க்கு அண்ணன்தான், 80 போர்ட் வேணும்ங்கறதுக்காக ரூட்டுக்குப் போறவங்க யூனிட்ல ஆம்பியன்ட்கேபபிலிட்டீஸ் வரில கேப்_நெட்_பைண்ட்_சர்வீஸ்னு போட்டா போதும்.

சிஎச்ஓன் நியாயமான வழி. சர்வீஸுக்குன்னு தனி யூசர் போட்டு, டேட்டா ஃபோல்டர அவன் பேருக்கு மாத்தி விடறது. அஞ்சு வருஷம் நான் இத மட்டும்தான் பண்ணேன், இன்னைக்கும் பாதி பேருக்கு இது போதும். நான் பண்ண தப்பு, மைனஸ் ஆர் போட்டு மொத்த ஃபோல்டரையும் மாத்துனது, கோட் உட்பட. அப்படி மாத்துனா ப்ரோகிராம்ல எங்கயாவது ஓட்டை இருந்து எவனாவது நுழைஞ்சா கோடையே மாத்தி எழுதிட்டுப் போயிருவான். கோட் ரூட் பேர்ல, டேட்டா மட்டும் சர்வீஸ் பேர்ல, அதான் சரி. ரெண்டு மூணு பேரு சேந்து ஒரே ஃபோல்டர்ல எழுதணும்னா குரூப் போட்டு ஃபோல்டருக்கு 2775 குடுங்க, புதுசா வர்ற ஃபைலும் அதே குரூப்புக்குப் போகும், யூமாஸ்க் (புது ஃபைல்ல எந்த அனுமதிய கழிக்கணும்ங்கற எண்) 0002-வா இருக்கணும், இல்லன்னா குரூப் இருந்தும் எழுத முடியாது. குரூப்ல ஆளச் சேத்த பெறகு சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணாம "சேத்துட்டேன் இன்னும் வரல"ன்னு அரைமணி நேரம் முழிச்சுருக்கேன்.

ஏசிஎல், அதாவது செட்எஃப்ஏசிஎல், கேக்க அழகா இருக்கும். ஓனர மாத்தாம இந்த ஆளுக்கு மட்டும் படிக்க விடுன்னு சொல்லலாம், டிஃபால்ட் போட்டு வச்சா இனிமே வர்ற ஃபைலுக்கும் சேரும். ஆடிட்டர் ஆபீஸ் பையன் லாக் மட்டும் பாக்கணும்னு கேட்ட ஒரு இடத்துல போட்டேன், நல்லாத்தான் ஓடுச்சு. ஆனா கண்ணுக்குத் தெரியாத பெர்மிஷன், எல்எஸ்ல கடைசில ஒரு பிளஸ் குறி மட்டும் தெரியும், அத யாரு பாக்குறா. யாராவது பெறகு சிஎச்மாட் (அனுமதிய மாத்துற கமாண்டு) அடிச்சா மாஸ்க் (ஏசிஎல் அனுமதிக்கு மேல்வரம்பு) மாறி நீங்க குடுத்த அனுமதி சத்தமில்லாம வெட்டுப்படும். பேக்கப்ப டார்ல எடுக்கறப்ப ஏசிஎல்ஸ் ஆப்ஷன் போடணும், ஆர்சிங்க்ல பெரிய ஏ போடணும், மறந்தா திரும்ப ரெஸ்டோர் பண்றப்ப ஏசிஎல் இருக்காது.

இங்கதான் நான் முடிவெடுத்த விஷயமே வருது. சிஎச்மாட், சிஎச்ஓன், ஏசிஎல் மூணும் டிஸ்க்குல பண்ற வேலை. பண்ணோம்ங்கறது எங்கயும் எழுதி இருக்காது, பண்ணவன் மண்டையில இருக்கும், இல்ல டெர்மினல் ஹிஸ்டரில இருக்கும். ரீபூட், டிஸ்க் மாத்துறது, பேக்கப்ல இருந்து எடுக்கறது, வேற மெஷினுக்குப் போறது, ஒவ்வொண்ணுலயும் அது தொலையறதுக்கு ஒரு வழி இருக்கு. இன்னைக்கு ஓட வைக்கிறதுக்கு நாலு வழியும் ஒண்ணுதான். நம்ம இல்லாத அன்னைக்கு மறுபடி யாரு இத சரி பண்றாங்கன்றதுதான் கேள்வி.

அந்த மழை நாள்ல ஃபோல்டர மறுபடி கையால போட்டு ஆட்டோவ அனுப்பிட்டு, சாயங்காலம் கூட்டம் கொறஞ்ச பெறகு சிஸ்டம்சிடிஎல் எடிட் அடிச்சு [சர்வீஸ்] தலைப்புக்குக் கீழ நாலே நாலு வரி சேத்தேன்:

யூசர்=பில்லிங்
ரன்டைம்டைரக்டரி=பில்லிங்
ஸ்டேட்டைரக்டரி=பில்லிங்
லாக்ஸ்டைரக்டரி=பில்லிங்

அவ்வளவுதான். சர்வீஸ் ஸ்டார்ட் ஆகறப்பெல்லாம் சிஸ்டம்டியே /ரன்/பில்லிங், /வார்/லிப்/பில்லிங், /வார்/லாக்/பில்லிங் மூணையும் உருவாக்கி பில்லிங் யூசர் பேர்ல குடுத்துரும். எடிட்ல போட்டது /இடிசி-க்குள்ள தனி ஃபைலா உக்காரும், பேக்கேஜா வந்த சர்வீஸா இருந்தாலும் அப்டேட் வந்து அத அழிக்காது. ரன்டைம் ஃபோல்டர் மட்டும் சர்வீஸ் நின்னா அழிஞ்சு போயிரும், அதுல போயி டேட்டா வைக்காதீங்க.

இது சும்மா நேர்த்தின்னு நெனச்சுட்டு இருந்தேன், மாசியில அந்த ஹார்ட் டிஸ்க் போகுற வரைக்கும். பேக்கப் எங்க இருந்துச்சுன்னா அண்ணாச்சி வீட்டுக்கு தெனம் எடுத்துட்டுப் போற ஒரு வெளி டிஸ்க்குல, அது எக்ஸ்ஃபேட், விண்டோஸ்லயும் தொறக்கணும்ல. எக்ஸ்ஃபேட்ல லினக்ஸ் ஓனர், குரூப் எதுவுமே நிக்காது. புது டிஸ்க்குல உபுண்டு போட்டு, யூசர உருவாக்கி, ப்ரோகிராமையும் யூனிட் ஃபைலையும் வச்சு, டேட்டாவ ரூட்டா காப்பி பண்ணேன், எல்லா ஃபைலும் ரூட் பேர்ல வந்து விழுந்துச்சு. முன்னாடியா இருந்தா இங்க ஒரு மணி நேரம் போயிருக்கும், எதெது யாரு பேர்ல இருந்துச்சுன்னு யோசிச்சே. சர்வீஸ ஸ்டார்ட் பண்ணேன். ஸ்டேட்டைரக்டரியோட ஓனர் பொருந்தலன்னா சிஸ்டம்டி உள்ள இருக்குற மொத்தத்தையும் சேத்து ஓனர மாத்திரும், மாத்துச்சு, பில்லு வந்துச்சு. பக்கத்துல நின்ன கடைப்பையன் "என்னண்ணே, அவ்வளவுதானா?"ண்டு கேட்டான், ஏமாந்த மாதிரி.

ஆனா இதுல ஒரு பள்ளம் இருக்கு, அதுலயும் விழுந்துட்டேன். மேல் ஃபோல்டரோட ஓனர் சரியா இருந்தா சிஸ்டம்டி உள்ள எட்டியே பாக்காது, வேகத்துக்காக அப்படி வச்சிருக்காங்க. ஒருநாள் கணக்குப்பிள்ளை நான் எழுதிக் குடுத்த மாசக்கணக்கு ஸ்கிரிப்ட சுடோ போட்டு ஓட்டிட்டாரு. அது /வார்/லிப்/பில்லிங்குக்குள்ள ரூட் பேர்ல ஒரு ஃபைல விட்டுட்டுப் போயிருச்சு. மறுநாள் காலைல சர்வீஸால அத எழுத முடியல, நானோ ஸ்டேட்டைரக்டரி பாத்துக்கும்னு நம்பி மூணு தடவ ரீஸ்டார்ட் பண்ணிட்டு இருக்கேன். மேல் ஃபோல்டர் பில்லிங் பேர்ல கரெக்டா இருக்கு, உள்ள ஒரே ஒரு ஃபைல் ரூட் பேர்ல. ஃபைண்ட் கமாண்டுல பில்லிங் யூசர் இல்லாத ஃபைலெல்லாம் காட்டுன்னு கேட்டப்பறம்தான் மாட்டுச்சு. எக்ஸெக்ஸ்டார்ட்ப்ரீ (சர்வீஸுக்கு முன்னாடி ஓடுற கமாண்டு) வரில பிளஸ் குறி போட்டு சிஎச்ஓன் எழுதி வச்சா ஒவ்வொரு தடவயும் ரூட்டா ஓடி சரி பண்ணிரும்தான், செய்யலாம், நான் செய்யல, யாரு தப்பா ஓட்டுனாங்கன்னு தெரியாமலே போயிரும்னு. அதுக்குப் பதிலா அந்த ஸ்கிரிப்டையும் ஒரு தனி சர்வீஸா மாத்தி அதே யூசர் வரியப் போட்டுட்டேன், கணக்குப்பிள்ளை இப்ப ஸ்டார்ட் மட்டும்தான் அடிக்கிறாரு.

இன்னொரு குறை, ஸ்டேட்டைரக்டரி /வார்/லிப்-க்கு கீழ மட்டும்தான். டேட்டா வேற டிஸ்க்குல /டேட்டான்னு இருந்தா அந்தப் பாதைய இதுல எழுத முடியாது. அந்த டிஸ்க்க /வார்/லிப்/பில்லிங்லயே மவுண்ட் பண்ணலாம், இல்லன்னா டெம்ப்ஃபைல்ஸ்.டி-ல (எந்த ஃபோல்டர் யாரு பேர்ல இருக்கணும்னு எழுதி வைக்கிற இடம்) ஒரு வரி எழுதணும், அதுவும் எழுதி வைக்கிற வழிதான், பூட்ல அதுவே ஓனர சரி பண்ணிக்கும். பாஸ்வேர்ட், கீ மாதிரி ரூட் மட்டும் படிக்கணும்ங்கற ஃபைலுக்கு லோட்கிரெடென்ஷியல் இருக்கு, ரூட் பேர்லயே ஃபைல் இருக்கும், சர்வீஸுக்கு மட்டும் ஒரு காப்பி போகும். சிஸ்டம்டி 247-ல வந்தது, உபுண்டு 22.04-ல 249 இருக்கு, 20.04-ல 245 தான், அங்க கெடையாது.

டைனமிக்யூசர், அதாவது யூசரே போடாம சிஸ்டம்டியே தற்காலிகமா ஒண்ண உருவாக்கிக்கறது, அத ஒரே ஒரு சின்ன சர்வீஸுக்கு மூணு மாசமா ஓட்டறேன், சத்தமில்லாம ஓடுது, ஆனா டேட்டா உண்மையில /வார்/லிப்/ப்ரைவேட்டுக்குள்ள போயிருது, என் பேக்கப் ஸ்கிரிப்ட் மொத வாரம் வெறும் லிங்க மட்டும் காப்பி பண்ணிட்டு இருந்துச்சு. கடை பில்லுக்கு இத வைக்க எனக்கு இன்னும் தைரியம் வரல. ரெட்ஹேட் பக்கம் பெர்மிஷனுக்கு மேல எஸ்இலினக்ஸ்னு இன்னொரு காவல் இருக்கும், பெர்மிஷன் எல்லாம் சரியா இருந்தும் டினைடுன்னு வரும், ஹோம்ல இருந்து மூவ் பண்ண ஃபைல் பழைய லேபிளோடவே வரும், லேபிள சரி பண்ண ரெஸ்டோர்கான் அடிக்கணும். நான் அங்கிட்டு ரெண்டு தடவதான் போயிருக்கேன், அதுக்கு மேல என் பேச்ச நம்பி எதையும் பண்ணிராதீங்க. உபுண்டுல அந்த இடத்துல ஆப்ஆர்மர், மைஎஸ்க்யூஎல் டேட்டா ஃபோல்டர வேற எடத்துக்கு மாத்தறவங்க கர்னல் லாக்ல டினைடுன்னு பெரிய எழுத்துல ஒரு வரி இருக்கான்னு பாத்துட்டு பெறகு சிஎச்ஓன தொடுங்க.

இதுக்கு நடுவுல யூபிஎஸ் பேட்டரிய அண்ணாச்சி பங்குனியில மாத்திட்டாரு. அதனால அந்த மெஷின் இப்ப ரீபூட்டே ஆகறதில்ல, வேற எங்கயாவது கையால எதையாவது பண்ணி வச்சிருக்கேனான்னு தெரிஞ்சுக்க ஞாயித்துக்கெழமை கடை அடைச்ச பெறகு நானே போயி ரீபூட் அடிச்சுட்டு வர்றேன், மாசம் ஒரு தடவ.