புளியரை இறக்கத்தில் வந்த நீலப் புகை: என் பழைய ஸ்பிளெண்டரின் இன்ஜின் தேய்மானம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு வாரம் இரண்டு முறை சென்றுவரும் என்னுடைய 2002 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர், ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு ஆயில் எரியும்போது வரும் நீலப் புகையை விடத் தொடங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லி ஆயில் குறைந்தது. முதலில் காட்டிய பட்டறையில், சத்தத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போய்விட்டது, போரும் (பிஸ்டன் ஓடும் உருளைத் துளை) தேய்ந்துவிட்டது, இன்ஜினை முழுவதுமாக இறக்க வேண்டும் என்றார்கள். எதையும் அளந்து பார்க்காமல் சொன்ன அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆரியங்காவில் பழைய வண்டிகளை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர், "அண்ணாச்சி, புகை ஏத்தத்துல வருதா, இறக்கத்துலயா?" என்று கேட்டார். அதன் பிறகு கவனித்தேன். கோட்டைவாசலிலிருந்து ஆக்ஸிலேட்டரை மூடியபடி எஸ் வளைவுகளில் இறங்கி, புளியரையில் மீண்டும் முறுக்கும்போதுதான் புகை கிளம்பியது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுக்கும்போது இல்லை. ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கையில் இன்டேக் பக்கம் (காற்றும் பெட்ரோலும் நுழையும் வழி) உண்டாகும் உறிஞ்சுவிசை, தேய்ந்த வால்வ் கைடு (வால்வின் தண்டு ஓடும் குழல்) வழியாக ஆயிலை உள்ளே இழுத்துவிடும். ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியுள்ள, ஓரிடத்தில் வாய் திறந்த வளையம்) போரும் தேய்ந்திருந்தால், இன்ஜின் பாரம் இழுக்கும்போதும் புகை வரும்.

அடுத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து வைத்துக் கம்ப்ரஷன் (பிஸ்டன் மேலேறும்போது உள்ளே உண்டாகும் அழுத்தம்) பார்த்தோம். பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி உதைத்தபோது அளவு சிறிதளவே ஏறியது. ரிங் கசிவு பெரிதாக இருந்தால், ஆயில் இடைவெளியை அடைத்து அளவை நன்றாக உயர்த்தியிருக்கும்.

வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது இன்டேக் வால்வ் கைடில் விரலுக்கே ஆட்டம் தெரிந்தது. அதன் கீழே போர் இருக்கும் பிளாக்கும் கையோடு வந்துவிடும் என்பதால் அதையும் எடுத்தோம். பழைய மேல் ரிங்கைப் போருக்குள் வைத்து, கோணாமல் இருக்கப் பிஸ்டனால் தள்ளி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அதன் வாய் இடைவெளியை அளந்தோம்: போரின் மேற்பகுதியில் 0.50 மி.மீ., அடியில் 0.35 மி.மீ. இந்த வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால், அடியைவிட மேலே விட்டம் எவ்வளவு கூடியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். இங்கே அது ஏறத்தாழ 0.05 மி.மீ. லேத் பட்டறையின் போர் கேஜும் மேற்பகுதியில் 50.05 என்றே காட்டியது. 50 மி.மீ. போருக்கு 50.10 வரை பொறுக்கும் என்பதால் போரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவைப்படவில்லை; ரிங்கை மட்டும் மாற்றினோம். அளவு எடுப்பவர்கள் மேற்பகுதியை விட்டுவிடக் கூடாது: பிஸ்டன் நின்று திரும்பும் அந்த இடத்தில்தான் ஆயில் படலம் மெலிந்து, தேய்மானம் மிகுதியாகும்.

கிராங்கைப் பற்றிய பயமும் அப்போதே தீர்ந்தது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தபோது சிறிதும் ஆட்டமில்லை. பக்கவாட்டில் சற்று நகர்ந்தது, அது இருக்க வேண்டிய இடைவெளிதான். கிளட்ச் பக்க மூடிக்குள் இருக்கும், சுழற்சியில் கசடைப் பிரிக்கும் ஆயில் ஃபில்டரைத் திறந்து, உள்ளிருந்த கருஞ்சேற்றை வெள்ளைத் துணியில் தேய்த்தோம். மெல்லிய சாம்பல் மினுமினுப்புத் தெரிந்தது. கிராங்க் தேய்ந்திருந்தால் தெரியக்கூடிய, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. பட்டறையில் கிராங்க் என்று சொன்ன சத்தம், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் தளர்ந்ததால் வந்தது.

கைடு, வால்வ் சீல், ரிங், செயின் ஆகியவற்றை மாற்றிப் பதினான்கு மாதமாகிறது. 11,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும், ஆயிரத்துக்கு 30 மில்லிக்கு மேல் ஆயில் குறைவதில்லை. புளியரையில் முறுக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலை தெளிவாகத் தெரிகிறது.