முதலீடு கற்க இலவசப் பாடங்கள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

முதலீடு கற்றுக்கொள்ளப் பணம் கட்டி வகுப்பில் சேரலாமா என்று யார் கேட்டாலும், இலவசமாகக் கிடைப்பதை முதலில் படித்து முடியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் இலவசமாகக் கிடைப்பது ஏராளம், தரமோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதைப் படித்த பிறகு நான் என்ன செய்தால் இதைக் கொடுத்தவருக்குக் காசு வரும்?

தரகு நிறுவனங்களின் பாடங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் ஆர்டருக்கும் (கிடைக்கும் விலைக்கு உடனே வாங்குவது, விற்பது) லிமிட் ஆர்டருக்கும் (நீங்கள் சொன்ன விலையோ அதைவிட நல்ல விலையோ கிடைத்தால் மட்டும்) என்ன வித்தியாசம், விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் விற்கச் சொல்லி வைக்கும் ஸ்டாப் லாஸ் எப்படி வேலை செய்யும் என்பதையெல்லாம் படத்தோடு, சின்னச் சின்ன அத்தியாயங்களாக நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் நீங்கள் அடிக்கடி வாங்கி விற்றால்தான் அவர்களுக்கு வருமானம், அதனால் விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சார்ட்டும், பங்கைப் பின்னால் ஒரு குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷனும் பக்கம் பக்கமாக வரும், வாங்கிவிட்டு இருபது வருடம் பேசாமல் இருப்பதைப் பற்றி அதிகம் இருக்காது. ஆர்டர் போடத் தெரிந்துகொள்ளும் வரை படியுங்கள், போதும். "இந்தப் பங்கை இன்றே வாங்குங்கள்" என்று சொல்லும் குழுக்களைப் பாடமென்றே நான் கணக்கில் எடுப்பதில்லை.

இதற்கு நேர் எதிர், ஒழுங்குமுறை அமைப்புகள் தருவது. அமெரிக்கப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் எஸ்இசி அமைப்பு இன்வெஸ்டர் டாட் கவ் என்ற தளத்தை நடத்துகிறது. நடை கொஞ்சம் வறட்சிதான், ஆனால் அவர்களுக்கு விற்க எதுவும் இல்லை. அங்கே உள்ள கூட்டு வட்டிக் கணிப்பானில் ஒரு மாலை விளையாடிப் பாருங்கள். 100 போட்டு ஆண்டுக்கு 6 சதவீதம் வளர்ந்தால் 30 வருடத்தில் ஏறக்குறைய 574 ஆகும், கட்டணமாக 1 சதவீதம் போய் 5 சதவீதமே கையில் நின்றால் 432தான். இந்த ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டால் பிறகு பலரது பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் எந்த ஃபண்டைப் பார்த்தாலும் கட்டணத்தைத்தான் முதலில் கேட்பீர்கள்.

அப்புறம் பல்கலைக்கழகப் பாடங்கள். என் ஓட்டு இவற்றுக்கே. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷில்லர் நடத்திய நிதிச் சந்தை வகுப்புகள் முழுசாக இணையத்தில் இருக்கின்றன. 2013இல் நோபல் பரிசு பெற்றவர், ஆனால் பேச்சில் அலட்டலே இருக்காது, கணக்கும் குறைவு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் ஆண்ட்ரூ லோ நடத்தும் பாடத்துக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அது 2008இன் பின்பாதியில் பதிவானது, வெளியே சந்தை சரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே அதைப் பற்றியே வகுப்பு நடக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அஸ்வத் தாமோதரன் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: வீடியோ, குறிப்புகள், பழைய தேர்வுத் தாள்கள், விடைகள், ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் எக்ஸெல் தாள்கள் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறார். ஆரம்பிப்பவர்கள் ஷில்லரிடம் போங்கள், தனிப் பங்குகளை அலச ஆசையிருந்தால் மட்டும் தாமோதரன். நேராக அவரிடம் போனால் மூன்றாவது வகுப்பிலேயே மூச்சு முட்டும். இவற்றில் உள்ள ஒரே குறை, கேட்டு முடிக்க வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அவ்வளவு நேரம் இல்லையென்றால், பிரபல முதலீட்டாளர் வாரன் பஃபெட் வளர்த்த பெர்க்ஷயர் ஹாத்தவே நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கு அவர் ஆண்டுதோறும் எழுதிய கடிதங்களைத் தினம் கொஞ்சம் படியுங்கள். 1977ஆம் ஆண்டிலிருந்து எல்லாம் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கின்றன. இவை பாடத்திட்டம் இல்லை, வரிசையும் இல்லை, கணக்கியல் சொற்கள் இடறும். ஆனால் பஃபெட் தன் தவறுகளைத் தானே எழுதும் இடங்களுக்கு ஈடு கிடையாது. 1989ஆம் ஆண்டுக் கடிதத்தில் முதல் 25 வருடத்துத் தவறுகளைச் சொல்லும்போது, பெர்க்ஷயரை வாங்கியதையே முதல் தவறாக வைக்கிறார். ஷில்லரோடு ஆரம்பிப்பவர்களும் அந்த ஒரு கடிதத்தை மட்டும் முன்கூட்டியே படித்துவிடலாம்.